ஒரே குளம், இரண்டு பதிவு

கிளிநொச்சி மாவட்டத்தின் எண் 45 என்கிறது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் பட்டியல். சர்வதேச நியமங்கள் அமைப்பின் 3166-2 பட்டியலில் அதே கிளிநொச்சி 42. திணைக்களத்தின் 42 மன்னார். சர்வதேசப் பட்டியலின் 45 முல்லைத்தீவு. வவுனியா ஒன்றில் 43, மற்றதில் 44. இரண்டு பட்டியலும் அதிகாரபூர்வமானவை, இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் முதற் பட்டியலை வைத்துக் கட்டிய ஒரு வரைபடத் தரவுத்தளத்துக்குள், இரண்டாம் பட்டியலை வைத்துத் தயாரித்த புதிய தகவலை அப்படியே ஏற்றினால் முல்லைத்தீவின் பாடசாலைகள் எல்லாம் கிளிநொச்சியின் கணக்கில் போய்ச் சேரும். கிளிநொச்சியின் கிணறுகள் மன்னாருக்குப் போய்விடும்.

எழுதுவினைஞர் ஒருவரின் கவனயீனம் போலத் தெரிந்தாலும், வரைபடத் தரவுத்தளங்களின் பழைய தலைவலி இது. வந்திருக்கும் தகவல் நம்மிடம் ஏற்கெனவே உள்ள பொருளைப் பற்றியதா, வேறொன்றைப் பற்றியதா? வேறு என்று தவறாக முடிவெடுத்தால் ஒரே பொருளுக்கு இரட்டைப் பதிவு விழும். அதுதான் என்று தவறாக முடிவெடுத்தால் ஒரு பொருள் வரைபடத்திலிருந்து காணாமற் போகும்.

வன்னியைப் போல மாறிய நிலப்பரப்பு இலங்கையில் குறைவு. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய ஆவணங்களில் கிளிநொச்சியின் ஊர்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கின்றன. 1990க்குப் பின் வவுனியாவுக்கு வடக்கே ஓடாமல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சியை எட்டியது, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போனது. ஏ-9 வீதி அகலமாகிப் புதிதானது. மீள்குடியேற்றத்தோடு வீதிகளும் வீடுகளும் பாடசாலைகளும் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. இத்தனை மாற்றத்துக்கும் ஒவ்வொரு முறையும் முழு வரைபடத்தையும் புதிதாக இறக்கி ஏற்ற முடியாது. மாறியதை மட்டும் அனுப்பி, இருப்பதன் மேல் திருத்துவதுதான் நடைமுறை. இரட்டைப் பதிவு பிறப்பதும் அங்கேதான்.

2004இல் பிரிட்டனில் தொடங்கி இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொள்வோம். யாரும் திருத்தக்கூடிய வரைபடம் அது. உலகெங்கும் நடக்கும் திருத்தங்களைத் திரட்டி நிமிடத்துக்கு ஒரு மாற்றப் பொதியாக வெளியிடுகிறது. மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்றும் உண்டு. ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் உள்ள ஜியோஃபப்ரிக் நிறுவனம் இலங்கைத் துண்டை மட்டும் வெட்டி நாள்தோறும் தருகிறது. பொதிக்குள் மூன்றே வகைக் கட்டளைகள்: சேர், திருத்து, நீக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஓர் எண் இருக்கும். எத்தனையாவது முறை திருத்தப்பட்டது என்று சொல்லும் பதிப்பு எண்ணும் கூடவே வரும். பொதிக்கும் ஒரு வரிசை எண் உண்டு.

முறிகண்டிப் பக்கத்தில் ஒரு பாடசாலை 500ஆம் எண்ணில் புதிதாகப் பதியப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகவல் 1201ஆம் பொதியில் வருகிறது. வவுனியாவில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினி அந்தப் பொதியை ஏற்றத் தொடங்குகிறது. பாதியில் மின்சாரம் போய்விடுகிறது. பாடசாலை தரவுத்தளத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் 1201 முடிந்தது என்ற குறிப்பு எழுதப்படவில்லை. மின்சாரம் வந்ததும் கணினி 1201ஐ முதலிலிருந்து ஏற்றுகிறது. 500ஐச் சேர் என்று கட்டளை. தரவுத்தளம் மறுக்கிறது: இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு பதிவு உண்டு. வேலை அத்தோடு நின்றுவிடும். அதற்குப் பின் வரும் ஆயிரம் பொதிகளும் வாசலில் காத்துக் கிடக்கும்.

இந்தப் பிழைச் செய்தியைக் கண்டதும் சிலர் செய்யும் அவசர வைத்தியம், ஓர் எண்ணுக்கு ஒரு பதிவுதான் என்ற கட்டுப்பாட்டையே தரவுத்தளத்திலிருந்து தூக்கிவிடுவது. காய்ச்சல் காட்டுகிறது என்று வெப்பமானியை உடைக்கிற வேலை. இன்னும் சிலர், ஏற்கெனவே இருந்தால் கண்டுகொள்ளாதே என்று எழுதிவிடுவார்கள். இது சற்றுப் பரவாயில்லை, ஆனாலும் போதாது. இருப்பது பழைய பதிப்பாகவும் வருவது புதியதாகவும் இருந்தால் நல்ல தகவல் சத்தமில்லாமல் வீணாகும். வருவதை எப்போதும் மேலெழுது என்றால் நேர்மாறான ஆபத்து: தாமதமாக வந்த பழைய பொதி, புதிய திருத்தத்தை அழித்துவிடும்.

சரியான விதி பதிப்பு எண்ணில் இருக்கிறது. வருவதன் பதிப்பு, இருப்பதன் பதிப்பைவிடப் பெரியதானால் மட்டும் எழுது. சமமானாலோ சிறியதானாலோ விட்டுவிடு. இப்படி எழுதிய கட்டளையை ஒரு முறை ஏற்றினாலும் பத்து முறை ஏற்றினாலும் விளைவு ஒன்றுதான். ஊர்க்கடைக் கொப்பியில் 'இன்றைக்கு 500 ரூபா கூட்டு' என்று இரண்டு முறை எழுதினால் கடன் இரட்டிப்பாகும். 'மொத்தக் கடன் 1,500 ரூபா' என்று இரண்டு முறை எழுதினால் ஒன்றும் ஆகாது. மாற்றப் பொதியும் இரண்டாவது வகையாக இருக்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், 2016 ஜனவரியில் வெளிவந்த 9.5ஆம் பதிப்பு முதல், மோதல் வந்தால் என்ன செய்வது என்பதைச் சேர்க்கும் கட்டளைக்குள்ளேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை அந்தத் தரவுத்தளத்துக்குள் ஏற்றும் ஓஎஸ்எம்2பிஜிஎஸ்கியூஎல் என்ற மென்பொருள், பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. அதே பொதி திரும்ப வந்தாலும் அது தடுமாறுவதில்லை. தரவையும் வரிசை எண்ணையும் ஒரே பரிவர்த்தனையில் எழுதிவிட்டால் மின்வெட்டுப் பிரச்சினை இன்னும் எளிதாகும். எழுதினால் இரண்டும் எழுதப்படும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

நீக்கல்தான் எல்லாவற்றிலும் வஞ்சகமானது. 500ஆம் பாடசாலை மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டது. தரவுத்தளத்தில் அந்த வரியை முழுதாக அழித்துவிட்டோம். இப்போது முதற் பதிப்பைச் சுமந்த ஒரு பழைய பொதி தவறுதலாக மீண்டும் ஏற்றப்படுகிறது. ஒப்பிட எதுவும் இல்லை. 'இந்த எண்ணில் ஒன்றும் இல்லையே, சேர்' என்று தரவுத்தளம் சேர்த்துக்கொள்ளும். இடிந்துபோன பாடசாலை வரைபடத்தில் உயிர்த்தெழும். இதற்குத்தான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மூலத் தரவுத்தளம் நீக்கப்பட்டதையும் அழிப்பதில்லை. எண்ணும் பதிப்பும் இருக்கும், 'காட்டாதே' என்ற குறி மட்டும் விழும். இல்லாமற் போனதற்கும் ஒரு பதிவு வேண்டும்.

சில வேளை இரட்டிப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். முழு வரைபடத்தையும் இறக்கிவிட்டு மாற்றப் பொதிகளைப் பின்தொடரத் தொடங்குபவர்கள், இறக்கிய நேரத்துக்குச் சற்று முன்னிருந்தே பொதிகளை எடுப்பார்கள். காரணம் இருக்கிறது. ஒருவர் பத்து மணிக்குப் பதிவேற்றத் தொடங்கி நான்கு நிமிடம் கழித்து முடிக்கிறார். பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து வெட்டிய பொதியில் அவருடைய வேலை இராது. அடுத்த பொதி அதற்குப் பிந்திய நேரத்தை மட்டும் தேடினால் அதிலும் இராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆரம்பகாலப் பொதிகளில் இந்தச் சிக்கல் இருந்தது. பின்னர் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பரிவர்த்தனை எண்களைக் கொண்டு வெட்டத் தொடங்கினார்கள். இரட்டைப் பதிவைக் கணினி கண்டுபிடித்துக் கத்தும். விடுபட்டதைப் பற்றிக் கத்த யாருமில்லை. ஆகவே கொஞ்சம் மேலேறி வெட்டுவதே புத்தி.

எல்லைகளிலும் இதே கதை. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் வரை வவுனியா மாவட்டத்தில் வரும் ஏ-9 வீதி, மாங்குளத்தில் முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் இருக்கிறது. பிறகு கிளிநொச்சிக்குள் போகிறது. மாவட்ட வாரியாக வெட்டிய மூன்று கோப்புகளை ஒட்டினால் எல்லையைக் கடக்கும் துண்டு இரண்டு கோப்பிலும் இருக்கும். எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றைக் கழித்துவிடலாம். கழிக்க மறந்துவிட்டு வீதியின் நீளத்தைக் கூட்டினால், போடாத தார்வீதிக்கும் கணக்கு எழுதியவர் ஆவோம்.

இதுவரை சொன்னதெல்லாம் கணினியின் இரட்டிப்பு. எண் ஒன்று, பதிவு இரண்டு. விதி எழுதினால் தீர்ந்துவிடும். மனிதரின் இரட்டிப்பு வேறு. அங்கே எண்ணும் இரண்டு, பொருள்தான் ஒன்று. எந்தத் தரவுத்தளமும் தானாக முறைப்பாடு செய்யாது.

வன்னியில் இதற்கு முதற் சாட்சி குளங்கள். மார்கழியில் வான் பாயும் குளம் ஆவணியில் நடுப்பள்ளத்தில் ஒதுங்கிக் கிடக்கும். செய்மதிப் படத்தைப் பார்த்து வரைபவர் ஒருவர் மாரிகாலப் படத்தில் 100 ஹெக்டேயராக ஒரு குளத்தை வரைகிறார். வேறொரு நாட்டிலிருந்து இன்னொருவர் கோடைப் படத்தைப் பார்த்து அதே குளத்தை 30 ஹெக்டேயராக வரைந்து அனுப்புகிறார். இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கக் கணினியில் வழக்கமான ஓர் அளவுகோல் உண்டு: இரண்டும் மேற்படியும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுப்பது. இங்கே 30ஐ 100ஆல் வகுக்க 0.3 வருகிறது. பாதிக்கு மேல் இருந்தால்தான் ஒன்று என்று விதி வைத்திருந்தால், இவை இரண்டு குளங்கள்!

மேற்படியும் பரப்பைச் சிறிய வடிவத்தின் பரப்பால் வகுத்தால் 30க்கு 30, அதாவது 1. இந்த அளவுகோல் கோடைக் குளத்தைப் பிடித்துவிடும். ஆனால் பெரிய காட்டுக்குள் இருக்கும் சிறிய குளத்தையும் காட்டோடு சேர்த்துவிடும் என்பதால், இரண்டும் ஒரே வகைப் பொருளா என்ற சோதனையும் வேண்டும். வயலில் நிற்கும் எவரும் இதைவிட நல்ல வழி சொல்வார்கள். நீர்ப்பரப்பு விரியும், சுருங்கும், குளக்கட்டு நகராது. துருசும் வான்கதவும் நகரா. குளத்தை அதன் தண்ணீரால் அடையாளம் காண்பதை விட்டுக் கட்டால் அடையாளம் கண்டால் பருவத்தால் வரும் இரட்டிப்பில் பெரும்பங்கு மறைந்துவிடும். மென்பொருளாளர் மேசைக்கு இந்த அறிவு தானாக வராது, கமக்காரரிடமிருந்துதான் வரவேண்டும்.

இரண்டாவது சாட்சி பழைய அளவைகள். இலங்கையின் பழைய வரைபடங்கள் கண்டவலை ஆதாரத்தளத்தை வைத்து வரையப்பட்டவை. கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் உலகப் பொதுத் தளமான டபிள்யூஜிஎஸ் 84ஐ வைத்து இடம் சொல்கிறது. பழைய தாளிலிருந்து எடுத்த அகலாங்கு, நெட்டாங்கை மாற்றாமல் புதிய வரைபடத்தில் குத்தினால் ஒவ்வொரு புள்ளியும் நூறு மீற்றருக்கும் மேலாக விலகி விழும். ஊருக்குள் இருக்கும் கோயிலுக்கு அருகே அதேபோல இன்னொரு கோயில், கிணற்றுக்கு அருகே இன்னொரு கிணறு. ஆனால் இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எல்லாச் சோடிகளும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் விலகியிருக்கும். உண்மையான இரண்டு கிணறுகளுக்கு அப்படி ஒழுங்கு இராது. ஒன்றொன்றாக அழிக்கப் புறப்படாமல் முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் நகர்த்தித் திருத்தவேண்டிய இடம் இது.

பெயர்கள் உதவுமா? ஓரளவுக்கு. முறிகண்டி, முறுகண்டி, முருகண்டி என்று எழுதப்படுவது ஓர் இடம்தான். ஆங்கிலத்தில் முல்லைத்தீவுக்கு ஒற்றை 'ரி'யும் உண்டு, இரட்டை 'ரி'யும் உண்டு. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைத் தொடவேண்டும் என்று எண்ணும் முறையை 1965இல் ரஷ்யக் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் வகுத்தார். இன்றும் பெயர் ஒப்பீட்டுக்கு அதுதான் அடிப்படை. அது இந்த எழுத்து வேறுபாடுகளைப் பிடித்துவிடும். ஆனால் புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஏ-9 வீதியோரப் புளியங்குளத்தைத் தவிர வேறு புளியங்குளங்களும் உண்டு. குளமும் மரமும் சேர்ந்து ஊர்ப்பெயராகும் நாட்டில் பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி எதையும் ஒன்றாக்கக்கூடாது. பெயர் சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்ல அதற்கு அருகதை இல்லை.

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். 10,000 பதிவுகளில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட ஏறத்தாழ 5 கோடி ஒப்பீடுகள் தேவை. கிளிநொச்சியில் 95, முல்லைத்தீவில் 136, வவுனியாவில் 102 என்று மூன்று மாவட்டத்திலும் 333 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவுக்குள் இருப்பவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், பதிவுகள் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், வேலை ஒன்றரை இலட்சத்துக்குள் அடங்கிவிடும். பிரிவின் எல்லையில் கிடக்கும் குளம் தப்பிவிடாமல் எல்லைக்கு வெளியே சில நூறு மீற்றரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

குளம் இரண்டாகத் தெரிந்தால் பெரிய நட்டமில்லை. மிதிவெடி நிலம் அப்படியல்ல. ஜெனீவாவில் உள்ள கண்ணிவெடி அகற்றல் மையம் உருவாக்கி, 1999இல் கொசோவோவில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட இம்ஸ்மா என்ற தகவல் முறைமைதான் இலங்கையிலும் அபாய நிலங்களின் பதிவேடு. 2010இல் அமைந்த தேசிய கண்ணிவெடிச் செயற்பாட்டு மையம் அதை வைத்திருக்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய சர்வதேச அமைப்புகளும் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் நிலத்தில் வேலை செய்து அறிக்கை அனுப்பின. ஒவ்வொரு அறிக்கையும் ஒரு மாற்றப் பொதி என்றே கொள்ளலாம்.

ஒரு காணி 40,000 சதுர மீற்றர் சந்தேகப் பகுதி என்று முதல் ஆய்வில் பதியப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறு ஆய்வில் உண்மையான அபாயம் 12,000 சதுர மீற்றர் மட்டுமே என்று தெரிகிறது. அதைப் பழைய எண்ணின் திருத்தமாகப் பதிந்தால் 28,000 சதுர மீற்றர் விடுபடும். புதிய எண்ணில் புதிய பதிவாக ஏற்றிவிட்டால் மொத்தம் 52,000 ஆகும். ஆய்வு செய்யச் செய்ய மிதிவெடி நிலம் கூடிக்கொண்டே போகும் விசித்திரம்! துப்புரவு முடிந்து ஒரு பதிவு மூடப்பட்ட பின்னும் அதன் இரட்டை திறந்தே கிடந்தால், வெடி இல்லாத காணிக்குள் சொந்தக்காரர் போக முடியாது. 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கைக்கு 2028 ஜூன் 1 வரை தவணை. எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு இந்தப் பதிவேடே பதில் சொல்லவேண்டும்.

ஆகவே இரட்டையைக் கண்ட இடத்தில் எல்லாம் ஒன்றாக்கிவிடலாமா? முகமாலையை நினைத்துப் பாருங்கள். கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை நீண்ட அந்தப் போர்முனையில், இரு தரப்பும் வெவ்வேறு காலங்களில் புதைத்த மிதிவெடி வரிசைகள் அருகருகே கிடந்தன. வரைபடத்தில் ஒன்றையொன்று பெரும்பாலும் மூடும் இரண்டு வடிவங்கள் அங்கே உண்மையிலேயே இரண்டு வெடிப் பட்டிகளாக இருக்கலாம். அளவுகோல் 0.8 காட்டுகிறது என்று ஒன்றாக்கி, ஒன்றைத் துப்புரவாக்கியதும் இரண்டையும் மூடிவிட்டால் என்ன நடக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை.

இதனால்தான் எல்லாத் தரவுக்கும் பொருந்தும் ஒரே விதி என்று யாராவது விற்க வந்தால் நான் நம்புவதில்லை. குளத்துக்கும் வீதிக்கும் ஒன்றாக்கும் பக்கம் சாயலாம்; பிழைத்தால் திரும்பப் பிரித்துக்கொள்ளலாம். மிதிவெடி நிலத்துக்கு, ஆட்கள் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்திடும் வரை இரண்டும் இரண்டாகவே இருக்கட்டும். கணினி சந்தேகச் சோடிகளின் பட்டியலைத் தரட்டும், தீர்ப்பை மனிதர் எழுதட்டும். ஒன்றாக்கிய பின்னரும் ஒழிந்த எண்ணைத் தூக்கி எறியாமல், 'இது இன்ன எண்ணோடு சேர்ந்தது' என்ற குறிப்போடு வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் எங்கிருந்தோ பழைய எண்ணைச் சுமந்து வரும் ஓர் அறிக்கை அதே இரட்டையைத் திரும்பவும் பெற்றுவிடும்.

உங்கள் ஊரைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் திறந்து பார்க்கும்போது ஒரே குளமோ கோயிலோ இரண்டு தடவை தெரிந்தால், உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டின் வரலாற்றையும் பாருங்கள். முதலில் பதிவான எண்ணை வைத்துக்கொண்டு, மற்றதில் உள்ள சரியான பெயரையும் வடிவத்தையும் அதற்கு மாற்றுங்கள். நிச்சயமில்லை என்றால் இரண்டையும் அப்படியே விட்டு, ஊரில் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.